மலைமக்கள் மரபும் மின்பெட்டகமும்: கவுஞ்சியை முன்னிட்டு ஒரு திறனாய்வு

அழிந்துவரும் மரபுச் செல்வங்களை ஒளிப்படமாகவும் ஒலிப்பதிவாகவும் கணினியில் ஏற்றிவிட்டால் அவை காக்கப்பட்டன என்னும் நம்பிக்கை இன்று எங்கும் பரவியுள்ளது. அரசும் பல்கலைக்கழகங்களும் இதனை ஏற்றுக்கொண்டுள்ளன. நம் இறையியல் கல்லூரிகளிலும் இக்கருத்து வேரூன்றி வருகிறது. களப்பணிக்கெனச் சிற்றூர்களுக்கு அனுப்பப்பெறும் மாணவர் கைப்பேசியுடன் சென்று, மூதாட்டியர் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிந்து வந்து, அறிக்கையுடன் இணைத்துத் தருகின்றனர். இப்பணி நல்ல நோக்கத்துடன் செய்யப்படுகிறது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் காத்தல் என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருள், எவருக்காக, எவரிடமிருந்து காக்கிறோம் என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை எனக் கருதுகிறோம். புகழ்பெற்ற கோவில் நகரத்தையோ ஓலைச்சுவடி நிறைந்த மடத்தையோ சான்றாகக் கொண்டால் விடை எளிதாகிவிடும். ஆகவே எழுத்துச் செல்வம் குறைந்த ஒரு மலையூரை முன்னிறுத்தி இதனை ஆராய விரும்புகிறோம்.

கவுஞ்சி, திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தைச் சேர்ந்த மேல்மலைச் சிற்றூர்களுள் ஒன்று. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாகச் செல்லும் சாலை கவுஞ்சியை அடைந்து, பின்னர் பூண்டி, கிளாவரை ஊர்களை நோக்கிச் செல்கிறது. சரிவுகளில் படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களில் வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் பயிராகின்றன. சுற்றுலாப் பயணிகள் பூம்பாறை வரை சென்று, குழந்தை வேலப்பர் கோவிலையும் பள்ளத்தாக்கின் அழகையும் கண்டு திரும்புவர். மன்னவனூர் ஏரிவரை செல்வோரும் உண்டு. அதற்கப்பால் செல்வோர் சிலரே. இத்தகைய ஊரின் மரபு எது? விதைப்பூண்டைப் பரணில் புகையேற்றிக் காக்கும் முறை, நீர் பாய்ச்சும் முறைவரிசை, வயல்களுக்கும் ஓடைகளுக்கும் வழங்கும் பெயர்கள், ஊர்க்கூட்டத்தில் வழக்குத் தீர்க்கும் நடைமுறை, இறந்தோருக்குப் பாடும் பாட்டு ஆகியவையே இவ்வூர்களின் ஏடுகள். இவற்றை அட்டவணையில் அடக்குவது எளிதன்று.

பழனிமலை இதுவரை பதிவு செய்யப்படாத மலை என எண்ணுவது பிழையாகும். 1821ஆம் ஆண்டில் லெப்டினன்ட் வார்டு இம்மலையை அளந்தார். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். 1868இல் நெல்சன் மதுரை நாட்டைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1906இல் பிரான்சிஸ் என்பார் மதுரை மாவட்ட விவரச்சுவடியைத் தொகுத்தார். 1909இல் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் வெளிவந்தன. இவையனைத்திலும் பழனிமலை மக்கள் இடம்பெற்றுள்ளனர். குன்னுவர் கொங்கு நாட்டுச் சமவெளியிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறி வந்தோர் என அவர்களே கூறும் மரபு பதியப்பட்டுள்ளது. அவர்களுக்கு முன்பே மலையில் வாழ்ந்த புலையர், நிலமுடையோருக்கு அடிமைத்தொழில் புரிந்தோராகக் குறிக்கப்பட்டுள்ளனர். பளியர் காட்டில் உலவும் எளிய மக்களாகச் சில பத்திகளில் முடிக்கப்பட்டுள்ளனர்.

இங்குக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. குன்னுவர் வரலாறு குன்னுவர் வாய்மொழியாகப் பதியப்பட்டது. புலையர் வரலாறோ பெரும்பாலும் அவர்களை ஆண்டோர் கூறியபடியும் அதிகாரிகள் கண்டபடியும் பதியப்பட்டது. அந்நூல்கள் நூலகங்களின் மேல்தட்டுகளில் தூசு படிந்து கிடந்தவரை இவ்வேறுபாட்டால் பெருந்தீங்கு விளையவில்லை. இன்று அவை முழுவதும் ஒளிவருடப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. பழனிமலைக் குடிகளின் பெயரை ஒரு மாணவர் தேடினால், அம்மக்கள் தங்களைப் பற்றிக் கூறுவதைவிட, நூறாண்டுகளுக்கு முன் ஓர் அதிகாரி கூறியதே எளிதில் கிடைக்கிறது. காலாவதியான கருத்து கணினியின் உதவியால் மறுபிறப்பு எடுத்துவிடுகிறது. பதிவில் ஏற்கெனவே இருந்தோர் மேலும் உரக்கப் பேசுகின்றனர். இல்லாதோர் மேலும் மறைகின்றனர். எண்ணிமக் கருவிகள் நடுநிலையானவை என்று கூறுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இது ஏட்டளவில் நிற்கும் சிக்கலும் அன்று. மலைப்புலையர் தங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டுமெனக் கோரி வருகின்றனர். பழங்குடியினர் யார் என்பதை முடிவு செய்ய 1965இல் லோகூர் குழு வகுத்த அளவைகளுள் தனித்த பண்பாடும் ஒன்று. அரசு அலுவலகம் சான்று கேட்கும்போது எடுத்து வைக்கப்படுவது பழைய விவரச்சுவடியே. தம்மை இழிவாகக் குறித்த அதே பக்கத்தைத் தம் உரிமைக்குச் சான்றாக நீட்ட வேண்டிய நிலை ஒரு மக்களுக்கு நேர்கிறது. ஆவணத்தை வெறுத்து ஒதுக்கவும் இயலாது, நம்பி ஏற்கவும் இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அளந்தோரும் அளக்கப்பட்டோரும்

மேற்கூறியவற்றோடு வைத்து எண்ணத்தக்க, ஆனால் வேறு தன்மையுடைய ஒரு பதிவையும் குறிப்பிடுதல் நேர்மையாகும். செண்பகனூர் இருதயக் கல்லூரி 1895இல் நிறுவப்பெற்றது. அங்குப் பணியாற்றிய ஆங்கிலேட் என்னும் இயேசு சபைக் குரு, நியூட்டன் என்பாருடன் சேர்ந்து, பழனிமலைக் கல்திட்டைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இந்தியத் தொல்லியல் துறையின் நினைவேடுகள் வரிசையில் 36ஆவதாக 1928இல் அது வெளிவந்தது. கற்களின் அளவு, அமைப்பு, உள்ளே கிடைத்த பானைகள் எனப் பொறுமையோடு செய்யப்பட்ட வேலை அது. மலைச்சரிவுகள் தோட்டங்களாக மாறிய பின்னர் இத்தகைய குறிப்புகளின் அருமையை நாம் உணர்கிறோம். பழனிமலையின் அடிவாரத்திலுள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் 2009ஆம் ஆண்டில் நடத்திய அகழாய்வில் ஈமக்குழி ஒன்றிலிருந்து நெல்மணிகள் கிடைத்தன. அவற்றின் காலம் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு எனக் கணிக்கப்பட்டதும் அறிஞர் உலகில் பேசப்பட்டது. கீழ்மலையில் தாண்டிக்குடியிலும் அவர் அகழாய்வு செய்துள்ளார்.

கல்லை அளப்பதில் குறைவில்லை. கல்லைப் பற்றி மக்கள் கூறும் கதையை அளப்பதற்குத்தான் கருவி இல்லை. மலைக்கு மேற்கே மறையூர்ப் பகுதியில் இக்கல்திட்டைகளை முனியறை என்பர். தமிழகத்தின் பிற பகுதிகளில் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் கூறுவர். ஆய்வாளர் இப்பெயர்களைப் பாமரர் கற்பனை என ஒரு வரியில் கடந்து செல்வது வழக்கம். ஆனால் இறந்தோருக்கு எழுப்பிய கல்லறையை முனிவர் தங்கும் அறையாகக் காணும் மனம் எத்தகையது என்னும் வினா இறையியல் மாணவருக்கு நெல்லின் வயதைப் போலவே முக்கியமானது. முப்பரிமாண ஒளிப்படக் கருவி கல்லின் ஒவ்வொரு கீறலையும் இன்று துல்லியமாகத் தருகிறது. அக்கல்லின் அருகில் நின்று ஒரு முதியவர் தாழ்ந்த குரலில் பேசுவதன் காரணத்தை அது தராது.

சொல்லேட்டுச் செல்வங்கள்

தமிழில் எண்ணிமப் பணி வியக்கத்தக்க அளவு நடந்துள்ளது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஊதியம் கருதாத அன்பர்கள் பலர் உலகின் பல மூலைகளிலிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கிய முயற்சி. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றி, பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகமாக வளர்ந்து, பெரியதொரு மின்நூலகத்தை நடத்துகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒரு தனிமனிதராகச் சேர்த்த அச்சுச் செல்வம் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக உருப்பெற்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட கொடுமையை நேரில் அறிந்த மக்களிடையே, 2005இல் நூலகம் என்ற பெயரிலேயே ஒரு மின்னூலகம் தோன்றியது. எரிந்த சுவரின் நினைவு அம்முயற்சிக்கு ஒரு பொருளைத் தருகிறது. யோயாக்கீம் அரசன் சுருளைக் கத்தியால் அறுத்துத் தீயிலிட்டபின் எரேமியாவும் பாரூக்கும் மறுபடி எழுதத் தொடங்கியதை நினையாமல் அதைப் பற்றிப் பேச நம்மால் இயலவில்லை.

ஆயினும் இவையனைத்தும் நூல் என்னும் வடிவத்தையே மரபென்று கொள்கின்றன. கவுஞ்சி போன்ற ஊருக்கு அவை பெரும்பாலும் வெறுங்கையுடனேயே வரக்கூடும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களைக் காக்கும் திட்டத்தின் உதவியோடு, 1870 முதல் 1940 வரையிலான தமிழகச் சிற்றூர்ப் பஞ்சாயத்து ஆவணங்களைத் தேடி ஒளிப்படம் எடுத்தனர். அரசு ஆவணக் காப்பகம் ஒருபோதும் கண்டிராத தாள்கள் அவை. வீட்டுப் பெட்டிகளில் கறையானுக்கு இரையாகிக் கொண்டிருந்தவை. மூல ஆவணம் நாட்டைவிட்டு வெளியேறுதல் கூடாது, படி மட்டுமே எடுக்கப்படும் என்பது அத்திட்டத்தின் விதி. தரங்கம்பாடி மிஷனின் ஓலைகள் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகருக்கும், அமெரிக்க மிஷன் சங்கத்தின் மடல்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கும் சென்ற பழைய வழக்கத்தோடு ஒப்பிட, இவ்விதி பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

எனினும் ஊர்ப் பஞ்சாயத்துத் தாளில் என்ன எழுதப்படும்? நிலத்தகராறு, பாகப்பிரிவினை மட்டுமல்ல. குற்றம் சாட்டப்பட்ட பெண்ணின் பெயர், சாதியை விட்டு விலக்கப்பட்டவனின் பெயர், அபராதம் கட்டிக் காலில் விழுந்தவனின் பெயர் ஆகியனவும் அத்தகைய ஏடுகளில் இடம்பெறுவது இயல்பு. அதே ஊரில் இன்றும் அவர்களது பேரப்பிள்ளைகள் வாழ்கின்றனர். பெட்டிக்குள் இருந்தபோது அத்தாளைப் படிக்கத் தலைவரின் அனுமதி வேண்டும். இணையத்தில் எவரும் படிக்கலாம். அனைவருக்கும் திறந்துவைத்தல் எப்போதும் நீதி என்று கொள்வது நகரத்தாரின் எளிய மனப்பான்மை. அதே வேளையில், பெட்டியின் சாவி தலைவரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பதும் நமக்கு உடன்பாடன்று. இவ்விரண்டுக்கும் இடையில் வழி காணும் பொறுப்பு பதிவு செய்வோருடையதே.

ஏட்டுக்குள் அடங்காத அறிவு

பளியரைப் பற்றி 1960களில் ஆராய்ந்த பீட்டர் கார்ட்னர் என்னும் அமெரிக்க மானிடவியலார் 1966இல் வெளியிட்ட கட்டுரை, நம் காலத்துக் கணினிப் பதிவுகளுக்கு அன்றே எழுதிவைத்த திறனாய்வு எனத் தோன்றுகிறது. பளியரின் அறிவு பெரும்பாலும் ஒவ்வொருவரும் தம் அனுபவத்தில் தாமே கண்டு நினைவில் கொள்வது. பெரியோர் சிறியோரை உட்கார வைத்துப் பாடம் சொல்லும் வழக்கம் அவர்களிடம் அருகியே காணப்பட்டது. ஒரு செடிக்கோ ஒரு செயலுக்கோ உரிய பெயரையும் விளக்கத்தையும் பற்றி இருவர் கருத்து வேறுபட்டால் அதனைத் தீர்த்து ஒருமைப்படுத்தும் தேவையையும் அவர்கள் உணர்வதில்லை என அவர் கண்டார். ஒருவரை ஒருவர் அடக்காத, சமமான மதிப்பளிக்கும் வாழ்க்கை முறையோடு இவ்வறிவு முறையை அவர் இணைத்துக் காட்டினார்.

இதன் முன் ஒரு தரவுத்தளப் படிவத்தை வைத்துப் பார்ப்போம். தாவரத்தின் பெயர் ஒரு கட்டம். பயன் ஒரு கட்டம். தகவல் தந்தவர் ஒரு கட்டம். ஐந்து பளியர் ஐந்து விதமாகக் கூறினால் தொகுப்பாளர் என்ன செய்வார்? பெரும்பான்மையை ஏற்பார், அல்லது சொல்வன்மை மிக்க ஒருவரை ஏற்பார், மற்ற நான்கையும் பிழையென விடுவார். முடிவில் பளியர் மருத்துவம் என்னும் ஒரு தொகுப்பு உருவாகும். அத்தொகுப்பு முழுவதையும் அறிந்த பளியர் ஒருவரும் இருக்கமாட்டார். ஒருவர்மேல் ஒருவர் அதிகாரம் செலுத்தாத மக்களின் அறிவை, அதிகாரப்பூர்வமான ஒரே வடிவமாக்குவது காத்தலாகாது. அவ்வறிவின் இயல்பையே மாற்றுதலாகும். இது தொழில்நுட்பக் குறை எனச் சிலர் கூறலாம். கட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் தீரும் என்பர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒத்த கருத்தே அறிவு என்னும் எண்ணம் கட்டத்திற்கு முன்பே படிவம் வகுத்தவர் மனத்தில் இருக்கிறது.

இன்னொரு புறமும் உண்டு. 1995இல் மஞ்சளின் புண்ணாற்றும் பண்புக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது; இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு எழுத்துச் சான்றுகளைக் காட்டி வாதாடி 1997இல் அதனை நீக்கச் செய்தது. வேம்பைப் பற்றிய ஐரோப்பியக் காப்புரிமையும் 2000இல் நீக்கப்பட்டு, 2005இல் அத்தீர்ப்பு உறுதியாயிற்று. இவ்வனுபவத்தால் 2001இல் தொடங்கிய மரபறிவு மின்நூலகம், சித்தம் உள்ளிட்ட மருத்துவ முறைகளின் நூற்செய்திகளை ஐந்து அயல்மொழிகளில் பெயர்த்து, காப்புரிமை அலுவலகங்கள் காணும்படி வைத்தது. சிறந்த பணி. ஆனால் காப்பு கிடைத்தது நூலில் எழுதப்பட்ட அறிவுக்கே. ஏட்டில் ஏறாத பளியர் அறிவுக்கு அந்தக் கவசம் இல்லை; ஏறிவிட்டாலோ அது எவரும் எடுத்தாளும் பொதுப்பொருள் ஆகிவிடும் அச்சம் உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இவ்வகையில் சற்று மேலானது. அதன் விதிகள் முதியோர் வாய்மொழியை எழுதிக்கொண்டு சான்றாக ஏற்கின்றன.

2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மக்களே தம் பன்மைப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. பல ஆண்டுகள் அது தூங்கிக் கிடந்தது. பின்னர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 எனக் கெடு விதித்து, தவறும் மாநிலங்கள் பணம் கட்ட நேரும் என்றது. கெடுவுக்காக நிரப்பப்படும் பதிவேட்டில் மக்கள் எவ்வளவு பேசியிருப்பர் என்பதை வாசகர் ஊகித்துக் கொள்ளலாம். தாவீது மக்களை எண்ணத் துணிந்த கதையில் யோவாபு ஏன் தயங்கினான் என்பதை விளக்கவுரைகள் பலவாறு கூறும். எண்ணப்படுவோரிடம் எவரும் வினவவில்லை என்பது மட்டும் அக்கதையில் தெளிவாகத் தெரிகிறது.

எவர் கையில் சாவி?

இக்குறைகளை உணர்ந்து உருவாக்கப்பட்ட கருவி ஒன்று ஆஸ்திரேலியாவில் தோன்றியது. அந்நாட்டின் நடுப்பகுதியில் வாழும் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து கிம் கிறிஸ்டன் என்பாரும் பிறரும் அமைத்த முகுர்ட்டு என்னும் மென்பொருள் அது. அப்பெயர் அம்மக்கள் மொழியில் அரும்பொருள்களை இட்டுவைக்கும் பின்னற்பையைக் குறிக்கும். பையிலிருப்பதைக் காண விரும்புவோர் பெரியவரிடம் கேட்க வேண்டும். அதைப் போலவே இம்மென்பொருளில் எந்தப் படத்தை எவர் காணலாம், எந்தப் பாட்டை எவர் கேட்கலாம் என்பதை அச்சமூகமே வரையறுக்கிறது. இறந்தோர் படத்திற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. ஆணுக்குரியது, பெண்ணுக்குரியது, இன்ன குடும்பத்திற்குரியது எனப் பிரிக்கவும் இடமளிக்கிறது. குடியேற்ற ஆட்சியினர் அனைத்தையும் அள்ளிச் சென்ற நாட்டில் இது நீதியின் செயல். நம்மிடையேயும் சிலர் இதனைத் தமிழகப் பழங்குடியினருக்குப் பயன்படுத்தலாம் என்கின்றனர்.

இவ்விடத்தில் நாம் சற்று நிதானிக்க வேண்டும். தமிழகத்து ஊர் ஒரே சமூகம் அன்று. கிணற்றை எவர் தொடலாம், கோவிலுக்குள் எவர் நுழையலாம், எந்தத் தெருவில் எவர் செருப்பணிந்து நடக்கலாம் என்று வரையறுத்து வந்த அதே ஊர்க்கட்டுப்பாடு, இன்ன பாட்டை இன்னார் கேட்கலாம் என்று கணினியிலும் வரையறுக்கும் உரிமை பெற்றால் என்ன ஆகும்? சமூகத்தின் ஒப்புதல் பெறப்பட்டது என்று படிவத்தில் எழுதும்போது, ஒப்புதல் தந்தவர் ஊர்ப் பெரியதனக்காரரா, பாடிய கூலிப்பெண்ணா? ஆண்டோரின் வாயால் புலையர் வரலாற்றை எழுதிய பழைய விவரச்சுவடியின் குற்றத்தைப் புதிய மென்பொருள் மிக மரியாதையான முறையில் திரும்பச் செய்யக்கூடும். வாருமுங்கு மக்களுக்கு நீதியாயிருப்பது மேல்மலைக்கு அநீதியாகலாம். ஆகவே ஒப்புதல் என்பது ஊரிடம் பெறுவதன்று. பாடியவரிடமும் கூறியவரிடமும் நேரே பெறுவது என்பதே நம் துணிபு.

அதனோடு, காக்கப்படாதிருக்கும் உரிமை ஒன்றும் உண்டு. பறையைப் பற்றி நம் திருச்சபைகளில் நடந்த வழக்கு யாவரும் அறிந்ததே. இழவு வீட்டில் அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கருவி என்பதால் அதனை முற்றும் துறந்தோர் உண்டு. அதே காரணத்தால் அதனை ஆலயத்திற்குள் பெருமையோடு கொணர்ந்தோரும் உண்டு. இருவரும் தம் விடுதலையைக் கருதியே அவ்வாறு செய்தனர். துறந்தவர் வீட்டுக்குச் சென்று, உங்கள் மரபு அழிகிறதே, ஒருமுறை அடித்துக் காட்டுங்கள், பதிந்துகொள்கிறோம் என்று கேட்கும் ஆய்வாளர் தாம் எதைக் கேட்கிறார் என்பதை அறியார். அடிமைத்தொழிலோடு பிணைந்த பாடலை ஒரு பாட்டி தம் பேத்திக்குக் கற்பிக்க மறுத்தால், அம்மறுப்பும் மரபுக்குரிய ஒரு செயலே.

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பயிற்றுவித்து 2005இல் மறைந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்னும் பெயரால் பலருக்கும் அறிமுகமானவர். கிராமிய இசையை அவர் வழிபாட்டுக்குள் கொணர்ந்ததற்குக் காரணம் அதன் பழமையன்று. எளியோர் அதனைத் தம் விருப்பப்படி மாற்றிப் பாடலாம் என்பதே காரணம். ராகமும் தாளமும் கட்டி நிற்கும் கீர்த்தனையில் மாற்றம் செய்தால் பிழையெனத் திருத்துவர். கிராமியப் பாட்டில் மாற்றம் செய்தால் புதிய அடியெனச் சேர்த்துப் பாடுவர். இக்கருத்தை எண்ணிமப் பதிவுக்குப் பொருத்திப் பார்த்தல் பயனுள்ளது. ஒரு பாட்டி ஒரு மாலையில் பாடிய வடிவம் இணையத்தில் ஏறியதும் அதுவே மூலம் ஆகிவிடுகிறது. அடுத்த ஊரில் வேறுவிதமாகப் பாடும் பெண், தான் தவறாகப் பாடுகிறேனோ என அஞ்சத் தொடங்குகிறாள். எரேமியாவின் இரண்டாம் சுருளில் முன்னதில் இல்லாத பல வார்த்தைகள் சேர்க்கப்பட்டன என அந்நூலாசிரியர் வெளிப்படையாகவே கூறுவதை நம் மாணவர் இங்குக் கருத்தில் கொள்ளலாம். படியெடுத்தல் வேறு, மறுபடி எழுதுதல் வேறு.

நிலைபேறு என்னும் மயக்கம்

கணினியில் ஏற்றியது அழியாது என்பது மற்றொரு மயக்கம். ஒருங்குறி பரவும் முன்னர்த் தமிழுக்கு வகைவகையான எழுத்துரு முறைகள் வழங்கின. அக்காலத்தில் தட்டச்சு செய்த திருச்சபை மலர்களையும் ஆய்வேடுகளையும் இன்றைய கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். தமிழக அரசு 2010இல்தான் ஒருங்குறியை முறைப்படி ஏற்றது. பனையோலை முந்நூறு ஆண்டு நிற்கும். கணினிக் கோப்பு முப்பது ஆண்டு நிற்பதே அரிதாயிருக்கிறது. ஓலை நின்றதும் ஓலையின் வலிமையால் அன்று. பழுதுற்றதைப் படியெடுத்து எழுதும் கைகள் தலைமுறைதோறும் இருந்தமையால்தான். 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினி அமைப்பைக் குற்றக்கும்பல் ஒன்று தாக்கி முடக்கியது. அந்நூலகத்தின் எண்ணிமத் தொகுப்புகள் பல மாதங்கள் வாசகருக்கு எட்டாமற் போயின. உலகின் செல்வம் மிக்க நூலகங்களுள் ஒன்றுக்கே இந்நிலை. மூலத் தாள்கள் ஊரிலேயே இருக்க வேண்டும் என்னும் விதியின் அருமை அப்போது விளங்கிற்று.

வாசகர் இல்லாத பெட்டகத்திற்குச் சீகன்பால்கின் வரலாறு தக்க சான்று. 1708இல் அவர் தாம் திரட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் எழுதினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வழிமுறையைப் பற்றிய நூலை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கு அது அச்சேறவில்லை. 1867இல் ஜெர்மான் என்பார் சென்னையில் பதிப்பிக்கும்வரை 154 ஆண்டுகள் அது கையெழுத்தாகவே கிடந்தது. காக்கப்பட்டது என்னவோ உண்மைதான்.

கவுஞ்சிப் பகுதியின் மரபுகளுள் முறையான காப்புப் பெற்றது ஒன்று உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. சந்தையில் வேற்றூர்ப் பூண்டை மலைப்பூண்டு என்று விற்போரைத் தடுக்க இது உதவும். விலை கட்டாதபோது விதைப்பூண்டை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞனைத் தடுக்க உதவாது. இதற்குமேல் இதனைப் பற்றிக் கூற நமக்கு ஒன்றுமில்லை.

இவற்றால் மாணவர் பதிவு செய்வதை நிறுத்திவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. பதிந்ததை அன்று மாலையே பாடியவருக்குப் போட்டுக் காட்டுதல் வேண்டும். தம் குரலைக் கேட்டபின் வேண்டாம் என்பார்க்கு அவர் கண்முன் அழித்துக் காட்டுதல் வேண்டும். ஒரு படியை அவர் வீட்டுப் பிள்ளையின் கைப்பேசியிலேயே விட்டுவருதல் வேண்டும். மேல்மலை மூதாட்டி என்று எழுதாமல், அவர் விரும்பினால் அவர் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதுதல் வேண்டும். முரண்படும் இரு வடிவங்களில் எது சரியென்று தீர்ப்பளிக்காமல் இரண்டையும் வைத்தல் வேண்டும். மதிப்பெண் பெற்றபின் அப்பதிவுகள் எங்கே செல்கின்றன என்பதைக் கல்லூரிகள் எழுத்தில் கூறுதல் வேண்டும். பேராசிரியரின் கணினியோடு அவை ஓய்வு பெற்றுவிடுவது தகாது.

பிறர் வீட்டுப் பெட்டியைத் திறக்குமுன் நம் ஆலயப் பெட்டிகளையும் திறந்து பார்க்கலாம். மலையிலும் அடிவாரத்திலும் உள்ள பழைய சேகரங்களில் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு ஆகியவை உள்ளன. எந்த விவரச்சுவடியிலும் தனிப்பெயர் பெறாத எளியோர், இப்பதிவேடுகளில் பெற்றோர் பெயரோடும் ஊரோடும் நாளோடும் குறிக்கப்பட்டுள்ளனர். ஆனால் பல பதிவேடுகளில் சாதிக்கும் ஒரு பத்தி உண்டு. ஒளிவருடும்போது அப்பத்தியை மறைப்பதா, காட்டுவதா எனச் சில ஆயர்கள் தயங்குகின்றனர். மறைத்தால் திருச்சபை தன் வரலாற்றைத் தானே திருத்தியதாகும். காட்டினால் இன்று வேறு ஊரில் வேறு நிலையில் வாழும் குடும்பத்தை அவர்கள் கேளாமலேயே அடையாளம் காட்டியதாகும். ஏட்டை ஒரு எழுத்தும் மறையாமல் படியெடுத்தல் வேண்டும். அப்படியை நூறு ஆண்டு பழமை எய்தும்வரை இணையத்தில் வைத்தல் கூடாது. தம் முன்னோர் பெயரைத் தேடி வரும் குடும்பத்தாருக்கு அவர்களுக்குரிய வரிகளை அன்றே கட்டணமின்றித் தருதல் வேண்டும். நூறு ஆண்டுகள் போதுமா என்னும் வினாவுக்கு விடையைப் பேராயத்தின் ஆவணக்குழுவும் அச்சபைகளின் மக்களும் சேர்ந்து அமர்ந்து முடிவு செய்தல் வேண்டும். அக்குழுவில் மேல்மலைச் சபையார் இருவரேனும் இடம்பெற வேண்டும்.